தக்காளிக்கு மூங்கில் முட்டு: மோல்மேன் தம்பிக்கு ஒரு நீளமான பதில்

தம்பி, நீங்க கேட்டது இதுதானே. போன வருஷம் வீட்டுக்குப் பின்னாடி மேட்டுப்பாத்தி போட்டு 12 தக்காளி வச்சீங்க, கடையில வாங்குன கம்பிக்கூண்டை ஒவ்வொரு செடிக்கும் மாட்டுனீங்க, காய் திரண்டு பழுக்க ஆரம்பிக்கிற நேரமாப் பாத்து நவம்பர்ல ரெண்டு நாள் மழையும் காத்தும் வந்து கூண்டோட சேத்து எல்லாத்தையும் படுக்க வச்சிருச்சு, இந்த வருஷம் மூங்கில்ல வீட்டுலயே கெட்டியா செஞ்சுக்கலாமா, ஒரு சீசனுக்கு மேல வருமான்னு. தாராளமா செய்யலாம், மூணு சீசன் வரும், ஒழுங்கா செஞ்சா அதுக்கு மேலயும் வரும். நான் பர்மாவுல ரங்கூனுக்குப் பக்கத்துல இருக்கிற துவாந்தே பக்கம், எங்கப்பா கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போடுறவரு, சின்ன வயசுலேர்ந்து அவருகூட மூங்கில் தூக்குனவன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன், பொறுமையா படிங்க.

மொதல்ல அந்தக் கூண்டு ஏன் விழுந்துச்சுன்னு பாத்துருவோம், அது தெரியாம மூங்கில்ல கட்டுனாலும் அதே கதைதான். கடைக்கூண்டு புனல் மாதிரி, மேல அகலம், கீழ ஒடுக்கம், அடியில மூணு கம்பி நீட்டிக்கிட்டு இருக்கும், அது மண்ணுக்குள்ள அரை அடி போனா பெருசு. தக்காளிக்கோ கனம் பூரா மேல. நல்லா வந்த செடின்னா ஒரே நேரத்துல 2 வீசை காய் தொங்கும், கிலோவுல 3 கிலோவுக்கு மேல, அதோட தண்டு, இலை, இலைமேல நிக்கிற மழைத்தண்ணி, எல்லாத்துக்கும் மேல காத்து. கடப்பாரையைக் கொடுத்துக் கல்லை நெம்புவோம் பாருங்க, அதே மாதிரி 5 அடி உயரத்துல காத்து புடிச்சுத் தள்ளி அந்த அரை அடிக் கம்பியை நெம்பி எடுத்துருது. கம்பி மெல்லிசுன்னு நீங்க எழுதியிருந்தீங்க, கம்பி இரும்புத்தூணா இருந்தாலும் அரை அடிக் காலோட நிக்காது.

ரெண்டாவது, மேட்டுப்பாத்தின்னு சொன்னீங்கல்ல, அதைப் படிச்சதுமே எனக்குப் புரிஞ்சு போச்சு. மோல்மேன்ல பெய்யிற மழைக்கு மேட்டுப்பாத்தி இல்லாம தக்காளி வைக்க முடியாது, வேர் அழுகிரும், அது சரிதான். ஆனா பாத்தியில இருக்கிற அந்த ஒரு அடி மண்ணு நீங்க கொத்தி, எரு கலந்து, பொலபொலன்னு வச்சிருக்கிற மண்ணு. வேருக்கு அது மெத்தை, கம்புக்கு அது ஒண்ணுமே இல்ல, ஈரமானா களி மாதிரி ஆயிரும். அதனால கம்பு எவ்வளவு ஆழம்னு எப்பவும் பாத்திக்குக் கீழ இருக்கிற கெட்டித் தரையிலேர்ந்துதான் எண்ணணும். கெட்டித் தரைக்குள்ள ஒன்றரை அடியாவது இறங்கணும், தனிக்கம்பா நிக்கப் போகுதுன்னா 2 அடி. இந்த ஒரு விஷயத்தை மட்டும் போன வருஷம் செஞ்சிருந்தா உங்க செடில பாதி நின்னிருக்கும்.

ஷான் மாநிலத்து இன்லே ஏரிக்கு ஒரு தடவை போயிருந்தேன், பக்கத்துல இருக்கிற நியாங்ஷுவே ஊர்லேர்ந்து படகுல போனா தக்காளித் தோட்டம் தண்ணிமேல மிதக்கும். ஆகாயத்தாமரை, ஏரிப்பாசி, அடிச்சேறு எல்லாத்தையும் சேத்து மிதக்குற பாத்தி, அதுமேல வரிசையா தக்காளி, ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மூங்கில் குச்சி. ரங்கூன் பஜார்ல நாம கயாஞ்சின்தீன்னு பர்மியப் பேர்ல வாங்குற தக்காளி நிறைய அங்கேருந்துதான் வருது. அந்தப் பாத்தி நகந்து போகாம இருக்குறதுக்கு நீளநீளமான மூங்கிலைப் பாத்தி வழியா இறக்கி ஏரி அடித்தரையில குத்தியிருப்பாங்க, தண்ணி ஏறுனா பாத்தி மூங்கிலைப் புடிச்சுக்கிட்டே மேல ஏறும், எறங்குனா எறங்கும், ஆனா எடத்தை விட்டுப் போகாது. அதைப் பாத்தப்ப எங்கப்பா ஞாபகம்தான் வந்துச்சு, பந்தல் போடுறப்ப மேல தோரணத்தை யாரு பாத்தாலும் அவரு குனிஞ்சு பந்தக்காலைத்தான் பாத்துக்கிட்டு இருப்பாரு.

இப்ப உங்க செடி என்ன ரகம்னு தெரிஞ்சுக்கணும், அதைப் பொறுத்துத்தான் உயரம். தக்காளில குட்டை ரகம் இருக்கு, 3, 4 அடியோட நின்னுரும், நுனியிலயே பூங்கொத்து விட்டு முடிச்சுக்கும், காயும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல வரும். இன்னொண்ணு கொடி ரகம், நிக்கவே நிக்காது, விட்டா 8 அடி 10 அடி போகும். வெதைப் பாக்கெட் தொலைஞ்சு போச்சுன்னா செடியையே பாருங்க, ஒரு பூங்கொத்துக்கும் அடுத்த பூங்கொத்துக்கும் நடுவுல மூணு மூணு இலை தவறாம வந்துக்கிட்டே இருந்தா கொடி ரகம், ஒண்ணு ரெண்டு இலைக்கே அடுத்த கொத்து வந்துச்சுன்னா குட்டை. குட்டை ரகத்துக்கு நான் கீழ சொல்ற பெரிய வேலையெல்லாம் வேணாம், 5 அடிக் கம்பு ஒண்ணு போதும், பக்கக் கிளையையும் கிள்ளாதீங்க, கிள்ளுனா காய்தான் குறையும். உங்களது கூண்டுக்கு மேல 2 அடி போயிருச்சுன்னு சொன்னதால கொடி ரகம்னு வச்சுக்கிட்டுப் பேசுறேன்.

மூங்கில் எடுக்குறதுலதான் பாதிப் பேரு ஏமாந்து போறாங்க. நம்ம நாட்டுல மூங்கிலுக்குப் பஞ்சம் இல்ல, அதனாலேயே கண்டதையும் தூக்கிட்டு வந்துருவாங்க. கௌக்னின்ங்கிற பசையரிசிச் சோறு அடைச்சுச் சுடுறாங்களே அந்தத் தின்வா மூங்கில், அது சோத்துக்குத்தான், சுவரு காகிதம் மாதிரி, கம்புக்கு ஆகாது. மியின்வான்னு ஒரு மூங்கில், கிடைச்சா அதை வாங்குங்க, நம்ம ஊர்ப் பெருசுங்க கல்மூங்கில்னு சொல்லுவாங்க, உள்ள ஓட்டை ரொம்பச் சின்னது, சில கம்புல ஓட்டையே இருக்காது. கட்டைவிரலைவிடக் கொஞ்சம் தடிமன், ஒரு அங்குலம் ஒண்ணேகால் அங்குலம் இருந்தா போதும், அதுக்கு மேல தடியா எடுத்தா கனம்தான், பலன் இல்ல. வயசு பாக்கணும், 3 வருஷத்துக்குக் கொறைஞ்சது பச்சைப்பசேல்னு வெள்ளை மாவு பூசுன மாதிரி இருக்கும், கணுவுல பாளை ஒட்டிக்கிட்டு இருக்கும், அதை விட்டுருங்க. முத்துனது மங்கலா, அங்கங்க பாசி படிஞ்ச மாதிரி திட்டுத்திட்டா இருக்கும், தட்டுனா கணீர்னு சத்தம் வரும்.

அப்புறம் பூச்சி. மூங்கில்ல அடுக்கி வச்ச ரெண்டு மாசத்துல மாவு மாவா கொட்டுமே, அது பொடிவண்டு, அது மரத்தைத் திங்கலை, மூங்கிலுக்குள்ள இருக்கிற மாவுச்சத்தைத் திங்க வருது. மழைக்காலத்துல வெட்டுன மூங்கில்ல அந்த மாவுச்சத்தும் ஈரமும் ஜாஸ்தி, குளிர்காலத்துல வெட்டுனதுல கம்மி. எப்ப வெட்டுனதுன்னு கடைக்காரர் உண்மையச் சொல்ல மாட்டாரு, அதனால நீங்களே தண்ணியில போட்டுருங்க, குளமோ வாய்க்காலோ, மேல கல்லு வச்சு முங்குற மாதிரி 3 வாரம். தண்ணி நாறும், வீட்டுல திட்டு விழும், பரவால்ல. அந்தக் காலத்துல ஆத்துல மூங்கில் தெப்பம் கட்டி மெதக்க விட்டே கொண்டு வருவாங்க, வந்து சேர்றதுக்குள்ள சத்தெல்லாம் தண்ணியோட போயிரும், அந்த மூங்கில்ல பூச்சி விழாதுன்னு அப்பா சொல்லுவாரு. எடுத்த பிறகு நிழல்ல நிமித்தி வச்சு ஒரு மாசம் காயவிடுங்க. காயாத பச்சை மூங்கில்ல கட்டுனா அது காய்ஞ்சு சுருங்கும், நீங்க இறுக்கிக் கட்டுன கட்டு தானா லூசாயிரும். அவசரத்துக்குப் பச்சையில கட்டுறவங்க ஒரு மாசம் கழிச்சு எல்லாக் கட்டையும் திரும்ப இறுக்கித்தான் ஆகணும்.

வெட்டுறப்ப ஒரு சின்ன விஷயம், மேல் நுனியைக் கணுவுக்குச் சரியா மேல வெட்டுங்க, கணு மூடியாகிடும். கணுவுக்கு நடுவுல வெட்டுனா அது கப்பு, மழைத்தண்ணி நின்னு மூங்கிலும் அழுகும், டெங்கிக் கொசுவும் அதுல முட்டை போடும், இது வெளையாட்டு இல்ல. கீழ் நுனியைக் கணுவுக்குக் கீழ ஒரு சாண் விட்டுச் சாய்வா சீவுங்க, கணு உள்ள இருந்தா அடிக்கிறப்ப பிளக்காது.

மண்ணுக்குள்ள போற பாகம்தான் மொதல்ல போகும், நம்ம ஈரத்துக்கும் கரையானுக்கும் வெறும் மூங்கில் ஒரு சீசன், அதிகம் போனா ரெண்டு. கீழ 2 அடியை நெருப்புல காட்டி மேல்தோல் கருகுற வரைக்கும் வாட்டுங்க, உள்ள வேகக் கூடாது, கருப்பாகணும் அவ்வளவுதான், கொஞ்ச காலம் கூட வரும். சிலபேரு பழைய இஞ்சின் ஆயில் பூசுறாங்க, திங்கிற செடிக்குப் பக்கத்துல நான் அதைச் செய்ய மாட்டேன், நீங்களும் வேணாம். இதைவிட நல்ல வழி ஒண்ணு இருக்கு, காசு கொஞ்சம் ஆகும். வீடு கட்டுற எடத்துல வெட்டிப் போட்ட 10 மில்லி முறுக்குக் கம்பித் துண்டு 5 அடி நீளத்துல கிடைச்சா வாங்கிக்குங்க. 2 அடி கெட்டித் தரைக்குள்ள போற மாதிரி அடிச்சிருங்க, பாத்தி மண்ணுல ஒரு அடி போக மேல நீட்டிக்கிட்டு இருக்கிற 2 அடியோட மூங்கிலைச் சேத்து வச்சு மூணு எடத்துல கட்டுக்கம்பியால முறுக்கிருங்க, மூங்கிலோட அடி பாத்தி மண்ணுல படாம ஒரு உடைஞ்ச ஓட்டுத் துண்டு மேல நிக்கட்டும். இரும்பு மண்ணுக்குள்ள, மூங்கில் காத்துல. துரு புடிக்கும், புடிச்சா புடிக்கட்டும், அந்தக் கம்பி உங்க பேரப்புள்ளை காலத்துலயும் இருக்கும். நான் ஓரத்துக் கால்களுக்கு மட்டும் இப்படிச் செய்யறேன், நடுவுல கருக்குன மூங்கில்தான்.

இனி கட்டுறது. 12 செடிக்கு நான் சொல்றது கூரை மாதிரிச் சாய்ஞ்ச முட்டு, ரெண்டு வரிசை, வரிசைக்கு 6 செடி, செடிக்குச் செடி 2 அடி, வரிசைக்கு வரிசை 3 அடி. ஒவ்வொரு செடிக்கும் 8 அடிக் கம்பு ஒண்ணு, எதிர் வரிசைக் கம்பைப் பாத்துச் சாய்ஞ்சு ரெண்டும் மேல கத்திரிக்கோல் மாதிரிக் குறுக்க போகணும், அந்தக் கவட்டையில 13, 14 அடி நீள மூங்கிலை முகட்டுக்கழி மாதிரிப் படுக்க வைங்க. கீழ ஒன்றரை அடி கெட்டித் தரைக்குள்ள போனா முகடு கிட்டத்தட்ட 6 அடி உயரத்துல வரும், நின்னுக்கிட்டே கை எட்டும். பாத்தி ஒரு அடிக்கு மேல ஒசரம்னா கம்பை 9 அடியா வெட்டிக்குங்க. 20 அடி மூங்கில் ஒண்ணுல ரெண்டு கம்பு வரும், நுனி ரொம்ப மெல்லிசா இருக்கும் அதை விட்டுருங்க, ஆக கம்புக்கு 6, முகட்டுக்கு 1, இன்னும் 2 எதுக்குன்னு சொல்றேன், மொத்தம் 9 மூங்கில்.

குழி எடுக்க மண்வெட்டி வேணாம், கடப்பாரையால குத்தி ஆட்டி ஓட்டை போட்டு அதுல கம்பை இறக்கி மேலேர்ந்து கட்டையால நாலு போடு போடுங்க, பெருசா குழி தோண்டி மண்ணைத் தள்ளி மூடுனா அந்த மண்ணு என்னைக்கும் பழைய இறுக்கத்துக்கு வராது. கம்பைச் சுத்தி ஓட்டை அகலமாயிருச்சுன்னா செங்கல் சில்லைப் போட்டு இடிச்சு இறுக்குங்க. இதெல்லாம் நாத்து நடுறதுக்கு முன்னாடி முடிஞ்சிருக்கணும். செடி வளந்த பிறகு பக்கத்துல கம்பை அடிச்சா வேரைக் குத்திக் கிழிச்சுருவீங்க, அந்தக் காயத்து வழியா நோயும் உள்ள போகும்.

இந்தச் சாய்ஞ்ச முட்டு பக்கவாட்டுல அசையாது, ஒண்ணை ஒண்ணு தாங்கிக்கும். ஆனா நீளவாக்குல? ஒரு ஓரத்துல நின்னு முகட்டைத் தள்ளிப் பாருங்க, சீட்டுக்கட்டு சரியுற மாதிரி மொத்தமும் ஒரே பக்கமா சாயும். இதை நான் பட்டுத்தான் தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு வருஷம் 30 செடி, நேரா நட்ட கம்பு, கம்புக்குக் கம்பு நைலான் கயிறு இழுத்துக் கட்டி நடுவுல செடியை விட்டிருந்தேன், பாக்க அழகா இருந்துச்சு, பக்கத்து வீட்டு அக்கா போட்டோ எல்லாம் எடுத்துட்டுப் போனாங்க. நவம்பர் வாக்குல தாசௌங்டைங் பண்டிகைக்கு விளக்கு வைக்கிற நேரம், ராத்திரி காத்து மழை, காலையில பாத்தா ஓரத்துக் கம்பு ஒண்ணுதான் மொதல்ல சாய்ஞ்சிருக்கு, அது சாயவும் கயிறு அடுத்ததை இழுத்திருக்கு, அது அதுக்கு அடுத்ததை, 30 செடியும் தலைவாரி விட்ட மாதிரி ஒரே திசையில படுத்துக் கிடக்கு. கயிறு ஒண்ணுகூட அறுகலை, அதுதான் பிரச்சினையே. கயிறை நாம இறுக்க இறுக்க ஓரத்துக் கம்பைத்தான் உள்பக்கமா இழுத்துக்கிட்டே இருக்கோம், அதுக்கு எதிர்ப்பக்கம் முட்டு இல்லன்னா அது என்ன பண்ணும்.

அந்தப் பாக்கி 2 மூங்கில் இதுக்குத்தான். 12 அடி நீளத்துக்கு வெட்டி, ஒரு பக்கச் சாய்வுல மொதக் கம்போட அடியிலேர்ந்து கடைசிக் கம்போட தலைவரைக்கும் கோணலா வச்சு, தொடுற ஒவ்வொரு கம்போடயும் கட்டுங்க. மறுபக்கச் சாய்வுல அதையே திருப்பி, இங்க மேலயிருந்த எடத்துல அங்க கீழ வர்ற மாதிரி. இது ரெண்டும் கட்டுன பிறகு முகட்டைத் தள்ளிப் பாருங்க, உங்களையே திருப்பித் தள்ளும். பந்தல்லயும் சாரத்துலயும் இந்தக் கோணல் கழி இல்லாம ஒருத்தரும் மேல ஏற மாட்டாங்க, தோட்டத்துல மட்டும் நாம அதை மறந்துர்றோம். கம்பை ரெண்டு மடங்கு தடியாக்குறதைவிட ஒரு கோணல் கழி கட்டுறது எவ்வளவோ மேல்.

மிச்சம் இருக்கிற மூங்கிலைப் பிளாச்சு பிளாச்சா கிழிச்சு ரெண்டு பக்கமும் 2 அடி உயரத்துல ஒண்ணு, 4 அடியில ஒண்ணு படுக்கவாட்டுல கட்டிக்கிட்டா பக்கக் கிளைக்கும் சாய எடம் கிடைக்கும். பிளாச்சு ஓரம் பிளேடு மாதிரி, கையுறை இல்லாம கிழிக்காதீங்க, செடி படுற பக்கத்தைக் கத்தியால வழிச்சு விடுங்க.

கட்டுறதுக்கு என்ன கயிறு? முடிச்சு போடுறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. ரெண்டு கம்பு குறுக்க போற எடத்துல சுத்திச் சுத்திக் கட்டிட்டு முடிச்சு போட்டா பத்தாது, நாலு சுத்து சுத்துன பிறகு, ரெண்டு கம்புக்கும் நடுவுல புகுந்து அந்தச் சுத்தையே குறுக்க ரெண்டு மூணு தடவை இறுக்கிச் சுத்தணும், அப்பதான் மொத்தக் கட்டும் நெரிஞ்சு கம்பைக் கவ்வும். அப்பா இதுக்கு ஈரக்கயிறுதான் எடுப்பாரு. நான் இப்பல்லாம் பழைய சைக்கா (ஆளை ஏத்திட்டுப் போற மூணு சக்கர சைக்கிள்) டியூபை ஒரு அங்குல அகலத்துக்கு வார் வாரா வெட்டி வச்சுக்கிறேன், இழுத்துச் சுத்துனா மூங்கில் சுருங்குனாலும் அதுவும் கூடவே சுருங்கிப் புடிச்சுக்கும், வழுக்காது. முகடும் ஓரத்துக் காலும் மட்டும் கட்டுக்கம்பி. அந்த நீல பிளாஸ்டிக் கயிறு வேணாம், வெயில்ல ஒரு சீசன் கிடந்தா கையில உதிரும். சணல் நல்லாத்தான் இருக்கும், ஆனா நம்ம ஈரத்துல 3, 4 மாசத்துல இத்துப் போகுது, சரியா காய் கனமா இருக்கிற நேரத்துல.

செடியைக் கம்போட கட்டுறது வேற கதை, அங்க இறுக்கம் ஆகாது. பழைய கைலியைக் கிழிச்சு ஒரு அங்குல அகலத்துக்கு நாடா எடுத்துக்குங்க, மொதல்ல கம்பைச் சுத்தி ஒரு முடிச்சு, அப்புறம் நாடாவை ஒரு முறுக்கு முறுக்கி எட்டு மாதிரி செடியைச் சுத்தி வந்து கட்டுங்க, செடிக்கும் கட்டுக்கும் நடுவுல ஒரு விரல் தாராளமா போகணும், தண்டு இன்னும் பெருக்கும்ல. இலைக்காம்புக்கு அடியில கட்டுனா கட்டு எறங்காது, பூங்கொத்துக்கு அடியில கட்டாதீங்க, காய் கனத்துல கொத்து ஒடிஞ்சு கட்டுமேலயே மடங்கும். 8, 10 அங்குலத்துக்கு ஒரு கட்டு, வாரத்துக்கு ஒரு தடவை சாயங்காலம் போய்ப் பாத்துக் கட்டுங்க, காலையில தண்டு தண்ணி ஏறி வெறைப்பா இருக்கும், வளைச்சா பட்டுனு போயிரும்.

இன்னொண்ணு, செடியைக் கம்புக்கு வெளிப்பக்கம் நடுங்க, உள்பக்கம் வேணாம். வெளியில நட்டா சாய்ஞ்ச கம்புமேல செடி படுத்துக்கிட்டு ஏறும், பாரத்தைக் கம்பு தாங்கும், கட்டு சும்மா புடிச்சுக்கிட்டு இருந்தா போதும். உள்ள நட்டா செடி கட்டுல தொங்கும், எல்லாப் பாரமும் நாடாமேல. காயும் பாருங்க, வெளியில நட்ட செடியில பாதிக் காய் உள்பக்கமா நிழல்ல தொங்கும், மார்ச் மாச வெயில்ல தோல் வெந்து வெள்ளையாகாது. நடுறப்ப கம்புக்கு 4 அங்குலம் தள்ளி, கீழ் இலை ரெண்டு மூணைக் கிள்ளிட்டுத் தண்டைக் கொஞ்சம் ஆழமாவே பொதைங்க, பொதைஞ்ச தண்டுலயும் வேர் விடும், அதுவும் ஒரு முட்டுதான். ஒரு கம்புக்கு ரெண்டு தண்டுக்கு மேல விடாதீங்க, மத்த பக்கக் கிளையைச் சின்னதுலயே கிள்ளிருங்க. தரையிலேர்ந்து ஒரு அடிக்கு இலையே இருக்கக் கூடாது, மழை விழுந்து மண்ணு தெறிச்சுத்தான் கருகல் நோய் மொதல்ல அடி இலைக்கு வருது, முட்டு கட்டுறதோட பெரிய லாபமே காயும் இலையும் மண்ணை விட்டு எந்திரிச்சு நிக்கிறதுதான்.

மூங்கில் வேலையெல்லாம் வேணாம், கூண்டுதான் வேணும்னு ரங்கூன்லேர்ந்து இன்னொரு தம்பியும் கேட்டிருந்தாரு. அப்படின்னா கான்கிரீட் தளத்துக்குப் போடுற வெல்டு மெஷ், 6 அங்குலக் கட்டம் இருக்கிறது, 5 அடி உயரத்துக்கு 6 அடி நீளம் வெட்டி வளைச்சா 2 அடிக்குக் கொஞ்சம் கம்மியா வட்டம் வரும். அடிவளையத்தை வெட்டி எடுத்துட்டா குத்துக்கம்பி காலா நிக்கும், ஆனா அதை நம்பாதீங்க, ரெண்டு பக்கமும் மூங்கிலோ முறுக்குக் கம்பியோ 2 அடி இறக்கிக் கூண்டைக் கட்டிருங்க. கட்டம் கையும் பழமும் வெளிய வர்ற அளவு இருக்கணும், கோழிவலையில கட்டுனா காய் உள்ள மாட்டிக்கிட்டு நசுங்கும். மாடி வீட்டுல வாளியில வைக்கிறவங்களுக்கு எந்தக் கம்பும் ஆகாது, வாளி மண்ணு ஒரு அடிதான், கம்போட வாளியும் சேந்து கவுறும். பால்கனி கிரில்லுலயோ மேல் கம்பியிலயோ கயிறு கட்டித் தொங்க விட்டு, செடி வளர வளர அந்தக் கயிறைச் செடிமேல சுத்தி விட்டுக்கிட்டே வாங்க, அடித்தண்டுல மட்டும் லூசா ஒரு கண்ணி.

சீசன் முடிஞ்சா அப்படியே விட்டுராதீங்க. ராத்திரியும் சூடு எறங்காத மாசத்துல பூ கொட்டிரும், ஏப்ரல்ல தண்ணித் திருவிழா வர்றதுக்குள்ள செடியும் ஓஞ்சிரும். அப்பவே செடியைப் புடுங்கி, முட்டைப் பிரிச்சு, மூங்கிலைத் தேச்சுக் கழுவி வெயில்ல காய வச்சு, தாவாரத்துல படுக்க வச்சு அடுக்குங்க, மழை முழுக்க வெளியில நின்ன மூங்கில் அடுத்த வருஷம் கையில முறியும். ஏதாவது செடி பச்சையாவே திடீர்னு தொங்கிப் போச்சுன்னா அதோட தண்டை வெட்டி கண்ணாடி டம்ளர் தண்ணியில வச்சுப் பாருங்க, வெள்ளையா நூல் மாதிரி ஒழுகுனா அது வாடல் பாக்டீரியா, மண்ணுலயே கிடக்கிறது. அந்தக் கம்பைக் கழுவி பிளீச்சிங் பவுடர் தண்ணியில ஊற வைக்காம திரும்ப நடாதீங்க, அந்த எடத்துல அடுத்த வருஷம் கத்திரி மிளகாயும் வைக்காதீங்க, ஒரே குடும்பம். பேரைப் பாருங்க, பர்மாக்காரங்க தக்காளியைப் புளிப்புக் கத்திரிக்கான்னுதானே கூப்பிடுறாங்க.

உங்க கூண்டையெல்லாம் பழைய இரும்புக்குப் போடாதீங்க. நசுங்குனதைத் தட்டி நிமித்தி மிளகாய்க்கு மாட்டுங்க, அதுக்கு அது போதும். மூங்கிலை ஆகஸ்டுக்குள்ள வாங்கித் தண்ணியில போட்டுருங்க, செப்டம்பர்ல மழை ஓயாது, தாவாரத்துல நிமித்திக் காய வைங்க, அக்டோபர்ல தடின்ஜுட் பண்டிகைக்கு விளக்கு வைக்கிறப்ப முட்டு நின்னுரணும். ஓரத்துக் காலுக்கு முறுக்குக் கம்பி உங்க ஊர்ல கிடைக்கலன்னா மட்டும் சொல்லுங்க, துவாந்தேல எனக்குத் தெரிஞ்ச கொத்தனார் ஒருத்தர்கிட்ட வெட்டுத்துண்டு எப்பவும் கிடக்கும், பஸ்ல போட்டு விட்டுர்றேன்.